மார்கழியில்தான் சூரியன் நமக்கு மிக அருகில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் ‘குளிர்காலம் ஏன் வருகிறது?’ என்ற கேள்விக்கு, ‘பூமி சூரியனை விட்டு விலகிப் போவதால்’ என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். 30 வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவள் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

விஷயம் நேர் எதிர். வருடத்திலேயே பூமி சூரியனுக்கு மிக நெருங்கி வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழி 20 வாக்கில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகவும் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில். அப்போது 15.2 கோடி. தூரம்தான் காரணம் என்றால் குளிர் ஆனியில் அல்லவா வரவேண்டும்? டிசம்பர் கடைசியில் விடியற்காலை 5 மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மெல்போர்ன் டெஸ்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. அங்கே அது கோடைக்காலம். இரண்டு ஊருக்கும் அன்றைக்குச் சூரியன் ஒரே தூரத்தில்தான் இருக்கிறது.

காரணம் பூமியின் சாய்வு. அதன் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. சாய்ந்த திசை மாறாமலே அது சூரியனைச் சுற்றி வருகிறது. ஆகவே ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். அப்போது நமக்குப் பகல் குறுகுகிறது, வெயிலும் சாய்ந்து விழுகிறது. களத்தில் நெல் காயவைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு மூட்டை நெல்லைச் சின்னக் களத்தில் கொட்டினால் கனமாகக் கிடக்கும், அதையே பெரிய களத்தில் பரப்பினால் தரை தெரியும். சாய்வாக வரும் வெயிலும் அப்படித்தான், அதிக நிலத்தில் பரவி மெலிந்துபோகிறது.

பணியில் இருந்தபோது வருடாவருடம் பள்ளி மைதானத்தில் ஆறடி மூங்கில் கழி ஒன்றை நட்டுவைப்போம். டிசம்பர் 21, மார்கழி 6, உச்சிப்பொழுதில் நிழல் வடக்கே நாலடி நீளும். நிழலின் நுனியில் ஒரு பிள்ளை சுண்ணாம்பால் புள்ளி வைக்கும். சித்திரை முதல் வாரத்தில் பார்த்தால் நிழல் கழியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஜூன் 21 அன்று அது தெற்கே திரும்பியிருக்கும், ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் கூட. நிழல் பக்கம் மாறியதைக் கண்டு பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே மார்கழி 6 அன்று டெல்லியில் நட்ட ஆறடிக் கழிக்கு நிழல் ஏழேமுக்கால் அடி, லண்டனில் 22 அடி. நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம், லண்டன்காரர்களுக்கு எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. வடக்கே போகப் போகக் குளிர் ஏறுவது இதனால்தான்.

ஆனால் நிழலை மட்டும் வைத்து ஓர் ஊரின் குளிரைச் சொல்லிவிட முடியாது. நம் கோடியக்கரையும் கொடைக்கானலும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் சூரியன் ஒரே உயரத்தில்தான் நிற்கிறது. இங்கே தை மாதத்தில் மேல்சட்டை இல்லாமல் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள், அங்கே புல்லில் உறைபனி படிகிறது. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கோடியக்கரைக்கோ பக்கத்திலேயே கடல். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும். தஞ்சாவூரில் பின்னிரவு உறைக்கிற மாதிரி நாகப்பட்டினத்தில் உறைக்காததும் இதனால்தான். இதையே பெரிய அளவில் பார்க்கவேண்டுமானால் சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் இருக்கிறது. 1892 இல் அங்கே மைனஸ் 67 டிகிரிக்கும் கீழே போனது. ஏறக்குறைய அதே அட்சரேகையில் இருக்கும் நார்வேயின் போடோ துறைமுகம் ஜனவரியிலும் உறைவதில்லை. வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் அதன் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. மத்திய ஆசியாவின் உறைகாற்று நம் நாட்டுக்குள் இறங்காமல் இமயமலை தடுப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மார்கழி 6க்குப் பிறகே பகல் நீள ஆரம்பித்துவிடுகிறதே, தையில் ஏன் இந்தப் பனி என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் இரவுக்குப் போர்வை மாதிரி நின்று நிலத்தின் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். பகலில் மண் வாங்கிய சூடு ராத்திரி முழுக்க மேலே போய்விடும். இலை குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் பனியாக இறங்கும். அந்த ஈரம் இலையில் நெடுநேரம் நின்றால் தாளடிக்கு, அதாவது குறுவை அறுத்தபின் நடும் இரண்டாம் போக நெல்லுக்கு, குலைநோய் வரும் என்று பயப்படுகிறோம். அதே பனிதான் உளுந்துக்கு உயிர். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் சம்பா வயலில் தெளித்த உளுந்து, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இந்தப் பனியையும் நம்பித்தான் தாளுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. காலையில் வரப்பில் நடந்தால் முழங்கால் வரை நனைந்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் என்பது இது. அவர்கள் நோட்டில் தவறான வரி இருக்கக்கூடாது.

அடுத்த ஞாயிறே திருத்தம் போடுங்கள். முடிந்தால் கழி நடும் முறையையும் படத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. டெல்டா மாவட்டப் பிள்ளைகள் அந்த முதல் வாரத்தில், பகல் பன்னிரண்டேகாலுக்குச் சற்று முன்னால், நிழலைப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி