அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

தடுப்பூசி வதந்திகள் பற்றிய தலையங்கத்தில், மறுக்கும் பெற்றோரை 'அறியாதவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். கிராமச் சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகள் இருந்த எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது.

2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. நாங்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப் வதந்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மகளின் கையை இறுகப் பிடித்தபடி ஒரு தாய் கேட்டார்: "குழந்தையாக இருந்தபோதே அம்மை ஊசி போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என் கையிலிருந்த துண்டறிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

மருந்து கெடவில்லை என்று அவருக்குத் தெரிய, முதலில் குப்பியை எடுத்துக் காட்டினேன். அதில் ஒரு வட்டம், நடுவே சிறு சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. சதுரம் வெளிறித்தான் இருந்தது. பழைய ஊசியில் ரூபெல்லாவுக்கு மருந்தில்லை, கர்ப்பிணிக்கு அந்நோய் வந்தால் சிசுவின் கண், காது, இதயம் கெடும் என்றேன். கால் மணி நேரம் ஆனது. பிறகு அவரே மகளின் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, 12 குழந்தைகளை மட்டுமே வைத்து லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல்தான். இதையும் மறைக்காமல் மக்களிடம் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும்.

அடுத்த முகாமுக்கு முந்தைய வாரமே தாய்மார்களின் கேள்விகளை வாங்கி, மருத்துவர்களின் பதிலோடு வெளியிடுங்கள்.

- ஓய்வுபெற்ற செவிலியர், தேனி மாவட்டம்