அமெரிக்காவில் கால்பந்து: கூட்டம் வந்தாயிற்று, காசு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல் குறைவாக விழும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள், அதனால் அங்கே கால்பந்து வேரூன்றாது என்ற பொருளில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். 1990-இல் இதை எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். இன்றைய கணக்கு வேறு.

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.) 1996-இல் 10 அணிகளோடு தொடங்கியது. 2025-இல் சான் டியாகோ 30-ஆவது அணியாகச் சேர்ந்தது. 2024 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 23,000 பேருக்கு மேல் வந்தார்கள். என்.பி.ஏ. கூடைப்பந்துக்கு வருபவர்கள் சுமார் 18,000. கூடைப்பந்து அரங்குகள் சிறியவை. ஓர் அணி சொந்த ஊரில் 41 ஆட்டம் ஆடும், கால்பந்து அணி 17 மட்டுமே ஆடும். அதனால் மொத்த டிக்கெட்டில் கூடைப்பந்து இன்னும் வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஆனாலும் 'யாரும் வருவதில்லை' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

இடறுவது தொலைக்காட்சியில். பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் லீகான என்.எஃப்.எல். 2021-இல் போட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர். எம்.எல்.எஸ். 2023-இல் ஆப்பிளுடன் தொடங்கியபோது ஒப்பந்தம் 10 ஆண்டுகளுக்கு 250 கோடி டாலர் என்றிருந்தது. ஆட்டக் கணக்கில் வகுத்தால் என்.எஃப்.எல். ஆட்டம் ஒன்றுக்கு மூன்றரைக் கோடி டாலருக்கு மேல், எம்.எல்.எஸ். ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 லட்சம். இதைவிட உறைக்கும் கணக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்து பிரீமியர் லீகைக் காட்ட அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 2022 முதல் ஆறு ஆண்டுகளுக்குத் தருவது சுமார் 270 கோடி டாலர். ஆண்டுக்கு 45 கோடி. உள்ளூர் லீகுக்கு ஆப்பிள் பேசியதோ ஆண்டுக்கு 25 கோடி. ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் மெக்சிகோவின் லீகா எம்.எக்ஸ். ஓடுகிறது. ஆக, அமெரிக்காவில் கால்பந்து ரசிகர் இல்லாமல் இல்லை. அவர் வேறு நாட்டு லீகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எம்.எல்.எஸ்.ஸின் போட்டியாளர் என்.எஃப்.எல். என்று நினைப்பதில்தான் கட்டுரையாளர் வழுக்குகிறார். உண்மையான போட்டியாளர்கள் இங்கிலாந்தின் லிவர்பூலும் மெக்சிகோவின் கிளப் அமெரிக்காவும்.

ரசிகர் ஏன் வெளிநாட்டு ஆட்டத்தைப் பார்க்கிறார்? தரம். தரம் ஏன் குறைகிறது? சம்பள விதி. எம்.எல்.எஸ். வீரர் ஒப்பந்தம் போடுவது கிளப்புடன் அல்ல, லீகுடன். 2025-இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 59.5 லட்சம் டாலர். இந்த வரம்புக்கு வெளியே மூன்று நட்சத்திர வீரர்களை எடுத்துக்கொள்ளலாம். 2007-இல் டேவிட் பெக்காமுக்காக வந்த விதி இது. அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரம்புக் கணக்கில் 2025-இல் தலைக்கு அதிகபட்சம் 7,43,750 டாலர்தான் ஏறியது. இன்டர் மயாமி அணிக்கு ஆடும் மெஸ்ஸியின் சம்பளம் அந்த ஆண்டு 2 கோடி டாலருக்கு மேல். அதாவது ஒரு முழு அணியின் வரம்பைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். அதே அணியின் முதன்மைப் பட்டியலில் குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு அப்போது 1,04,000 டாலர். இதன் விளைவு ஆட்டத்தில் தெரியும். முதல் பதினொருவர் கண்ணுக்கு விருந்து. இரண்டு பேர் காயம்பட்டு, 70-ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கியதும் பாஸ் தவறத் தொடங்கும், தடுப்பு வரிசை குலையும்.

இந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணமும் உண்டு. இதற்கு முந்தைய லீகான என்.ஏ.எஸ்.எல். 1975-இல் பெலேயையும் 1977-இல் பெக்கன்பவரையும் நியூயார்க் காஸ்மாஸுக்குக் கொண்டுவந்தது. 1977 ஆகஸ்டில் ஜயன்ட்ஸ் அரங்கில் ஒரே ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். பரபரப்பை நம்பி அடுத்த ஆண்டே அணிகளை 18-இலிருந்து 24 ஆக்கினார்கள். காஸ்மாஸைப் பார்த்து மற்ற முதலாளிகளும் வெளிநாட்டு வீரர்களுக்கு அள்ளிக் கொட்டினார்கள். ஆனால் காஸ்மாஸுக்கு 47,000 பேர் வந்த ஆண்டிலும் லீக் முழுதும் சேர்ந்த சராசரி 15,000-ஐத் தொடவில்லை. 1984 பருவத்தோடு கடை மூடப்பட்டது. அந்தச் சூடு கண்டவர்கள்தான் எம்.எல்.எஸ்.ஸின் விதிகளை எழுதினார்கள். அப்படியும் 2001 பருவத்துக்குப் பின் டாம்பா பே, அப்போதைய மயாமி என இரண்டு அணிகள் கலைக்கப்பட்டன. மிஞ்சிய 10 அணிகளில் 6 ஒரே முதலாளியின் கையில் இருந்தன. 2007-இல் டொரான்டோ லீகில் சேரக் கட்டிய கட்டணம் ஒரு கோடி டாலர்; சான் டியாகோ கட்டியது 50 கோடி. தப்பிப் பிழைக்க வகுத்த விதியை, பணம் வந்த பிறகும் இறுக்கிப் பிடித்திருப்பதுதான் எங்களுக்கு விளங்காத விஷயம்.

மைதானத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்படுவதில்லை, ஆகவே சற்று விரிவாக. என்.எஃப்.எல். ஆடுகளத்தின் அகலம் 48.8 மீட்டர். உலகக் கோப்பைக் கால்பந்துக்கு 68 மீட்டர் வேண்டும். பக்கத்துக்குப் பத்து மீட்டர் குறைகிறது. 2026 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கான மெட்லைஃப் அரங்கில் மூலை இருக்கைகளைப் பெயர்த்தெடுத்துத்தான் இடம் உண்டாக்கினார்கள். குறுகிய களத்தில் ஓரமாக ஆடும் விங்கருக்கு ஓட வழியில்லை. நடுக்களத்தில் ஆட்கள் மோதிக்கொள்வார்கள், ஃபவுல் கூடும், ஆட்டம் துண்டு துண்டாகும். அடுத்தது தரை. என்.எஃப்.எல். அணியோடு அரங்கைப் பகிரும் சியாட்டில், அட்லாண்டா போன்ற இடங்களில் செயற்கைப் புல். பந்து உயரமாகத் துள்ளும், வேகமாக வழுக்கும், கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பாரம் ஏறும். நம் ஊர்க்காரர்கள் நன்கறிந்த பிரான்ஸ் வீரர் தியெரி ஆன்ரி நியூயார்க்குக்கு ஆடிய நாட்களில் அத்தகைய தரையில் பல ஆட்டங்களைத் தவிர்த்தார். பெரிய போட்டிக்காகச் செயற்கைப் புல்மேல் இயற்கைப் புல் சுருள்களை விரித்தால் வேறு தலைவலி: வேர் பிடிக்க நாள் போதாது, ஒட்டிய இடத்தில் விளிம்பு எழும், பூட்ஸ் ஆணி சிக்கும். தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் 2024 முதல் ஆட்டத்தில் அட்லாண்டா தரையைப் பற்றி அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி வெளிப்படையாகவே குறைபட்டார். 1999-இல் கொலம்பஸில் சுமார் 22,000 பேர் அமரும்படி கால்பந்துக்கென்றே அரங்கம் கட்டியதுதான் எம்.எல்.எஸ்.ஸைக் காப்பாற்றிய வேலை. 80,000 இருக்கையில் 20,000 பேர் உட்கார்ந்தால் டிவியில் காலி நாற்காலிதான் தெரியும். சிறிய அரங்கில் அதே கூட்டம் திருவிழா.

விளம்பரச் சிக்கல் ஓரளவு தீர்ந்துவிட்டது. 45 நிமிடம் இடைவெளியே இல்லாத ஆட்டத்தை விற்பது எப்படி என்று அமெரிக்க டிவி தலையைப் பிய்த்துக்கொண்ட காலம் உண்டு. 1967-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஓர் ஆட்டத்தில் தான் ஊதிய 21 ஃபவுல்களில் 11 விளம்பரத்துக்கு இடம்விடுவதற்காகவே என்று நடுவரே ஒப்புக்கொண்டார் (விசில் பிடிக்கும் எங்களுக்கு இதைப் படித்தால் இன்றும் கூசுகிறது). 1994 உலகக் கோப்பையில் திரையின் கடிகாரத்தருகே நிறுவனச் சின்னத்தை வைத்து, ஆட்டத்தை வெட்டாமல் காட்டினார்கள். அந்தப் போட்டிக்கு ஆட்டத்துக்குச் சராசரி 69,000 பேர் வந்தார்கள். 2026-இல் ஒவ்வொரு பாதியிலும் வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை என்ற விதி, பழைய ஆசை புது உடையில் திரும்பி வருவதுபோலத்தான் எங்களுக்குப் படுகிறது.

அட்டவணை மாற்றத்தைக் கட்டுரை தொடவே இல்லை. இதுவரை எம்.எல்.எஸ். பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. கோப்பைக்கான கடைசிக் கட்டம் அக்டோபர், நவம்பரில் வரும், அப்போது என்.எஃப்.எல்.லும் கல்லூரி ஃபுட்பாலும் உச்சத்தில் இருக்கும். 2027 ஜூலை முதல் ஐரோப்பாவைப்போல் ஜூலையில் தொடங்கி மே மாதம் முடிப்பது என்றும், டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை பனிக்கால விடுமுறை என்றும் முடிவாகியிருக்கிறது. மே மாதத்தில் கூடைப்பந்தும் ஐஸ் ஹாக்கியும் பிளே ஆஃபில் இருக்கும்தான். ஆனாலும் என்.எஃப்.எல். களத்தில் இல்லாத மாதம் அது. ஐரோப்பிய வீரர் சந்தையோடு காலமும் ஒத்துப்போகும். மினசோட்டா, டொரான்டோ பக்கம் பிப்ரவரிக் குளிரில் டிக்கெட் விற்பது கடினம் என்பதே பெரிய இடர்.

மெஸ்ஸியை நம்பி மட்டும் கணக்குப் போடக்கூடாது. 2024 ஏப்ரலில் அவர் வருகிறார் என்று கான்சஸ் சிட்டி அணி தன் 18,000 இருக்கை அரங்கை விட்டுப் பெரிய அரங்குக்கு மாறியது. 72,610 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டம் கான்சஸ் சிட்டியின் கூட்டம் ஆகாது. இதே பாடம் நம்மிடமும் உண்டு. 2014-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) மாத்தராட்சியைச் சென்னைக்கும் ரொபேர் பிரேஸைக் கோவாவுக்கும் கொண்டுவந்தபோது அரங்குகளில் சராசரி 25,000-ஐத் தாண்டியது. நட்சத்திரங்கள் போனதும் அது தேய்ந்தது.

எங்கள் கணிப்பு: என்.எஃப்.எல்.லை எட்டுவது நடக்காது. சம்பள வரம்பைத் தளர்த்தினால் பேஸ்பால், ஐஸ் ஹாக்கிக்குச் சமமாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டிவியிலும் வந்துவிடலாம். தளர்த்தாவிட்டால் இப்போதுபோல அரங்கு நிறையும், டிவி முன்னால் ஆள் இருக்காது.

கடைசியாக ஒரு கோரிக்கை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைச் சனிக்கிழமை இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே ஞாயிறு காலை 5 மணி. கலிபோர்னியா ஆட்டங்களும் பத்து மணி சுமாருக்கு முடிந்துவிடும். திங்கட்கிழமை இதழுக்கு நேரம் தாராளம். பிரான்ஸ் வீரர்கள் லோரிஸும் ஜிரூவும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போன பிறகு இங்கே இந்த லீகைப் பின்தொடர்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஐரோப்பிய முடிவுகளின் கீழே புள்ளிப் பட்டியலுக்கு நாலு அங்குலம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து நடுவர்கள் சிலர்,
உப்பளம், புதுச்சேரி.