பாப்பாவுக்கு, அந்த கணக்கு டியூஷன் பத்தி

பாப்பா, சளி விட்டுச்சா? போன்ல பேசினா பாதியில மீட்டிங்னு ஓடிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், ராத்திரி சாப்பிட்டுட்டு பொறுமையா படி.

போன தடவ வந்தப்போ செல்லுல கதை படிக்க பழக்கி விட்டியே, அதுல ஒண்ணு மாட்டுச்சு, 'சுல்தானாவின் கனவு'. எழுதினவங்க ரொக்கையா பேகம், வங்காளத்துல ரங்பூர் பக்கம் ஒரு ஜமீன் வீட்டுல 1880ல பிறந்தவங்க. இங்கிலீஷ் கதை, சின்னதுதான், ஆனா எனக்கு டிக்‌ஷனரி வெச்சுக்கிட்டு மூணு ராத்திரி ஆச்சு. அவங்க வீட்டுல பொண்ணுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர மாட்டாங்களாம், எல்லாரும் தூங்கினப்புறம் அண்ணன்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்துல ரகசியமா சொல்லிக்குடுத்திருக்கார். அந்தப் பொண்ணு எழுதின கதை 1905ல எங்க அச்சாச்சு தெரியுமா, நம்ம மெட்ராஸ்ல! கமலா சத்தியநாதன் நடத்துன இந்தியன் லேடீஸ் மேகசின்ல. நான் மெட்ராஸ்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தவ, ஒருத்தர் சொல்லல எனக்கு.

கதையில ஒரு பொம்பளைங்க நாடு வருது. ஆம்பளைங்க எல்லாம் வீட்டுக்குள்ள, வெளிவேலை முழுக்க பொம்பளைங்க. மேகத்துலேருந்து குழாய் வெச்சு தண்ணி இறக்குறாங்க, ஆகாசத்துல வண்டி ஓட்டுறாங்க, சண்டைக்கு வந்த படைய சூரிய வெப்பத்த குவிச்சு அடிச்சே விரட்டிடறாங்க. சமையலும் அதே வெயில்லதான், கரி இல்ல புகை இல்ல. அந்த இடத்துல கொஞ்ச நேரம் செல்ல கீழ வெச்சுட்டேன்டா, எங்கம்மா ஊதுகுழல் வெச்சு ஊதி ஊதி கண்ணு ரெண்டும் செவந்து நிப்பாங்களே, அதுதான் முன்னாடி வந்துச்சு. 21 வயசுக்கு முன்னாடி கல்யாணம் கூடாதுன்னும் அந்த நாட்டுல சட்டம், ரொக்கையாவுக்கே பதினாறு பதினெட்டுலயே கல்யாணம் ஆயிடுச்சு.

ஆனா நான் எழுத வந்தது வேற. கதையில சாரான்னு ஒருத்தி கேக்கறா, பைத்தியக்கார ஆஸ்பத்திரிலேருந்து நாலு பேர் தப்பிச்சு வெளிய வந்து எல்லாரையும் அடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு. புடிச்சு திரும்ப அடைப்போம்னு கனவு காணற சுல்தானா சொல்றா. அப்போ புத்தி சரியா இருக்கவங்கள உள்ள வெச்சுட்டு அவங்கள வெளிய விடமாட்டீங்கல்ல, உங்க ஊர்ல மட்டும் ஏன் தப்பு பண்ற ஆம்பளைங்கள வெளிய விட்டுட்டு ஒண்ணும் பண்ணாத பொம்பளைங்கள உள்ள பூட்டறீங்கன்னு சாரா கேக்கறா. அந்த வரிய நான் நாலஞ்சு தடவ படிச்சேன்.

நீ பத்தாவது படிக்கறப்போ ரெண்டு பசங்க வண்டியில பின்னாடியே வரானுங்கன்னு அழுதுட்டு வந்து சொன்ன. நான் என்ன செஞ்சேன், நாளையிலேருந்து டியூஷன் வேணாம், வீட்டுலயே கைடு வெச்சு படின்னுட்டேன். அவனுங்க வீடு எனக்கு தெரியும், அடுத்த தெருதான், போய் அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கல. அவனுங்க அதே ரோட்டுல அதே வண்டியில சுத்திட்டுதான் இருந்தானுங்க, நீ ஜன்னலோரம் உக்காந்து கணக்கு போட்ட. பாதுகாப்புன்னுதான் அன்னிக்கு நிஜமாவே நெனச்சேன். என் பொண்ணுக்கு நான் செஞ்சது தப்பும்மா.

ரொக்கையா 1911ல கொல்கத்தாவுல 8 பிள்ளைங்கள வெச்சு ஸ்கூல் ஆரம்பிச்சிருக்காங்க, வீடு வீடா போய் உங்க பொண்ண அனுப்புங்கன்னு கேட்டு. நான் உனக்காக ஒரு வீட்டு வாசப்படி ஏறல.

அன்னிக்கு நீ ஒண்ணும் பேசாம நோட்ட மூடிட்டு மாடிக்கு போயிட்ட. நீ என்ன நெனச்சன்னு நான் கேக்கவே இல்ல, இப்ப கேக்கறேன். கோவமா இருந்தாலும் பரவால்ல, எழுது.

அம்மா