அந்த 40 மணி நேரத்துக்கு எங்கள் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் எங்கள் மகன் சிறைக்குப் போகாமல் சிகிச்சைக்குப் போனான். மனநோயாளரின் நெருக்கடியைப் பொறுமையாகக் கையாள எங்கள் ஊர்க் காவலருக்குக் கிடைத்த 40 மணி நேரப் பயிற்சிதான் அதற்குக் காரணம். அதற்கு உதவிய உங்களில் பலர் எங்கள் வீட்டு வாசலைக்கூடப் பார்த்ததில்லை என்பதால், நேரில் வந்து சொல்ல வேண்டியதை இம்மடலில் எழுதுகிறேன்.

அவனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது தெரிந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முன்பு வேறோர் ஊரில் குடியிருந்தபோது, மாத்திரையை நிறுத்திவிட்டு நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியவனைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் சிறையில் இருந்தான். மாத்திரை கிடைத்தது ஒன்பதாம் நாள்தான். அதன்பின் எங்கோ தெருக்கோடியில் சைரன் ஒலித்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

நாங்கள் இப்போது வாழும் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில்தான், மெம்பிஸ் நகரில், 1987 செப்டம்பரில் ஒரு தாய் 911 என்னும் அவசர உதவி எண்ணை அழைத்தார். கத்தியால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்த அவருடைய 27 வயது மகனைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஊர் கொதித்தது. காவல்துறையும் மருத்துவர்களும் மனநோயாளர் குடும்பங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசியதில், 1988-இல் நெருக்கடித் தலையீட்டுக் குழு என்னும் 40 மணி நேரப் பயிற்சி முறை பிறந்தது. அந்தத் தாயை நினைக்காமல் என்னால் நன்றி சொல்லத் தொடங்க முடியவில்லை.

இந்தப் பயிற்சிக்கு எதற்குப் பணம் என்று நானும் முதலில் கேட்டேன். பாடம் எடுக்கும் மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் எங்கள் ஊரில் ஊதியம் பெறவில்லை. ஆனால் ஒரு காவலர் ஒரு வாரம் வகுப்பில் அமர்ந்தால் அவருடைய ரோந்தை இன்னொருவர் பார்க்க வேண்டும். சிறிய காவல் நிலையத்தில் அந்தக் கூடுதல் நேர ஊதியம்தான் பெரிய செலவு. அதற்கு நிதி ஒதுக்க வாக்களித்த நகர மன்ற உறுப்பினர்களுக்கும், பற்றாமல் போன தொகையை இட்டு நிரப்பிய தேவாலயத்தாருக்கும், பொங்கல் விருந்தில் திரட்டியதை அப்படியே கொடுத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி.

அன்று விடியற்காலையில் மகன் கையில் இருந்தது இரும்புத் தோசைத்திருப்பி. இருட்டில் அது கத்தியாகத் தெரியும் என்று 911-இல் முதலிலேயே சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டும், பயிற்சி பெற்றவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தவர்கள், மனநோயாளருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவும் நாமி (NAMI) அமைப்பின் தன்னார்வலர்கள். வந்த காவலர் சைரனையும் சுழல் விளக்கையும் அணைத்து, இரண்டு வீடு தள்ளி வண்டியை நிறுத்தினார். வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று என்னிடம் கேட்டார். பிறகு தள்ளி நின்றபடி, தமக்கு வந்த உச்சரிப்பில், "தம்பி" என்றார். உனக்குக் கேட்கும் குரல் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அது உன்னைப் பயமுறுத்துவது தெரிகிறது என்றார். நாற்பது நிமிடம் ஆயிற்று. தோசைத்திருப்பியைப் புல்தரையில் வைத்துவிட்டு அவனாகவே வண்டியில் ஏறினான்.

அவர் பிறகு சொன்னார்: வகுப்பில் காதில் ஹெட்போனை மாட்டி, ஏசும் குரல்களை ஓடவிட்டு, அதனிடையே எளிய கணக்கொன்றைப் போடச் சொன்னார்களாம். அவரால் முடியவில்லையாம். அது அவர் மனத்தில் நின்றிருக்கிறது.

மகனைக் கொண்டுபோன மனநல நெருக்கடி மையத்தின் இரவுநேரச் செவிலியருக்கும் நன்றி. இடமில்லை என்றோ, முதலில் வேறெங்காவது போய்ப் பரிசோதித்து வாருங்கள் என்றோ சொல்லாமல், வாசலிலேயே அவனை ஏற்றுக்கொண்டார். காவலர் கொண்டுவருபவரைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளும் இடம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பயிற்சியும் கடைசியில் சிறை வாசலில்தான் போய் நிற்கும்.

பெயர் தெரியாத சிலருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் காவலர் வகுப்பில் இருந்த ஐந்து நாளும் அவருக்குப் பதிலாகத் தூக்கம் கெட்டு ரோந்து போனவர்கள் அவர்கள். யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் தந்திருக்க மாட்டார்கள். எங்கள் மகன் பெற்ற நாற்பது நிமிடத்தில் அவர்களுடைய இரவுகளும் இருக்கின்றன.

அடுத்த வகுப்பு அக்டோபரில் தொடங்குகிறது. புதன்கிழமை குடும்பத்தினர் பேசும் அமர்வில் நான் பேசுகிறேன். அன்றைய மதிய உணவும் எங்கள் பொறுப்பு. எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளிப்பது தன் வேலை என்று மகன் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தம்பியின் அம்மா