விவாதப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்ட மாணவர் விவாதப் போட்டிகளில் நடுவர்களாக அமரும் பெருமதிப்பிற்குரிய சான்றோர்களுக்கு, வணக்கம்.

மார்த்தாண்டம் அருகே அண்மையில் நடந்த ஒரு போட்டியைப் பார்வையாளர் வரிசையிலிருந்து கேட்டேன். தலைப்பு ரப்பர் சாகுபடி பற்றியது. ஒரு மாணவர், “காடு ஊற்றுகளைக் காக்கும் என்பதை எதிரணியும் ஏற்கிறது, அருமனை தொட்டு கீரிப்பாறை வரை ரப்பர் காடாகத்தானே நிற்கிறது, ஆகவே ரப்பர் நம் ஊற்றுகளைக் காக்கிறது” என்றார். கைதட்டல் அடங்குமுன் எதிரணி மாணவி எழுந்து, “எந்தக் காடு?” என்று கேட்டார். “சொல்லைப் பிடித்துத் தொங்காதே, கருத்துக்கு வா” என்று நடுவர் அவரை அமர்த்திவிட்டார்.

அன்று மேடையில் எழுந்த மிகச் சரியான மறுப்பு அதுதான் என்று கருதுகிறேன். முதலில் வந்த காடு, பலவகை மரமும் கொடியும் உயிரும் தாமாகவே செழித்த மலைக்காடு; அடுத்து வந்தது, நெருக்கமாக நிற்பதைக் காட்ட நாம் பேச்சுவழக்கில் சொல்லும் காடு. ஒவ்வோர் இடத்திலும் சொல்லை எடுத்துவிட்டு அதன் பொருளை வைத்துப் படித்தால், இரண்டு கூற்றுகளையும் இணைத்த கயிறு அறுந்துபோவது தெரியும். ரப்பர் நீரைக் காக்கிறதா என்பது தனிக் கேள்வி. மண்ணையும் மழையையும் அளந்து அதற்கு விடை காணலாம்; ஒரு சொல்லைக் கொண்டு காண முடியாது.

பலபொருள் இருப்பது சொல்லின் குற்றமன்று. விளவங்கோட்டு வீட்டில் ‘வெள்ளம் வேண்டும்’ என்றால் குடிக்கத் தண்ணீர் வரும். பெருக்கு வந்ததோ என்று திகைப்பவர் வெளியூர்க்காரர் மட்டுமே. ஒரே வாதத்திற்குள் சொல் பொருள் மாறி, அந்த மாற்றத்தின் தோளில் ஏறி முடிவு வரும்போதுதான் அது போலியாகிறது.

மாணவி வேண்டுமென்றே சொல்லைத் திரித்தார் என்று நடுவர் எண்ணியிருக்கலாம். அத்தகைய திரிப்பை, பழைய இந்தியத் தருக்க மரபான நியாயத்தின் நூலார் ‘சலம்’ என்றனர். ‘நவகம்பளம் உடையவன்’ என்று ஒருவர் புதிய கம்பளத்தைக் குறிக்க, மற்றவர் ‘ஒன்பது எங்கே?’ என்று மடக்குவது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு; வடமொழியில் ‘நவ’ என்பது புதியதையும் குறிக்கும், ஒன்பதையும் குறிக்கும். சலம் செய்பவர் பேசியவர் கருதாத பொருளை அவர்மேல் ஏற்றுகிறார். மாணவியோ எதையும் ஏற்றவில்லை. கருதிய பொருளைத்தான் கேட்டார். தொல்காப்பியமும் இங்கே அவர் பக்கமே நிற்கிறது. அதன் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டில், ‘மா பூத்தது’ என்றால் வினையே மரத்தைக் காட்டிவிடும், ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா விலங்கா என்று விளங்காது, அவ்விடத்தில் தெளிவுபடுத்தும் பொறுப்பு சொன்னவருடையது.

எனவே அடுத்த போட்டியின் விதிமுறைகளில், ‘இச்சொல்லை எப்பொருளில் கையாண்டீர்கள்?’ என்று ஓர் அணி ஒருமுறை இடைமறித்துக் கேட்கும் உரிமையையும், அதற்கு விடையளிக்க அரை நிமிடத்தையும் சேர்க்க வேண்டுகிறேன். அந்த அரை நிமிடத்தைக் கேட்டவரின் நேரத்தில் கழிக்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
குழித்துறை.