கலங்கல் தண்ணீரில் கால் வைக்காதே, கண்ணு

எண்ணூர், காட்டுக்குப்பம்

அன்புள்ள கண்ணு,

லீவு போட்டுவிட்டு மார்ச் மாதம் நியூசிலாந்தின் கோப்லண்ட் பள்ளத்தாக்கில் தனியாக நடக்கப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனாம். போகாதே என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுப் பையனை உட்காரவைத்து அந்த வழியைப் பற்றி முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரோட்டிலிருந்து வெல்கம் ஃப்ளாட் குடில் வரை 18 கிலோமீட்டர், ஏழு மணி நேர நடை, வழியில் தொங்குபாலங்கள், குடிலில் 31 பேர் படுக்கலாம், முன்பதிவு கட்டாயம். அதெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். எனக்குத் தண்ணீர்தான் பயம்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். என் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்தது இல்லை. நீ நாலாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி மழையில், பூண்டி ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வலை கட்டிய கழிகள் போய்விடுமே என்று விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் கொசஸ்தலையில் இறங்கினேன். பிறந்ததிலிருந்து பழகின ஆறு. தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, தொடை வரைக்கும்தான். நாலு அடி வைத்திருப்பேன், பாதத்துக்குக் கீழே மணல் அரித்துக்கொண்டு போவது விரல் இடுக்கில் தெரிந்தது. அடுத்த நொடி கால் தரையில் இல்லை. ஒரு கழியில் மோதி, அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். கழியில் ஒட்டியிருந்த சிப்பி காலைக் கிழித்தது. ஒரு மணி நேரம் கழித்து யாரோ தோணியில் வந்து தூக்கினார்கள். நான் எங்கே போனேன் என்று அப்போது உன் அம்மாவுக்கே தெரியாது.

நம் ஆற்றிலாவது பூண்டியைத் திறந்தால் முன்கூட்டியே செய்தி வரும். அங்கே யார் சொல்வார்கள்? நம் ஊரில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், அந்த மேற்குக் கரை மலையடிவாரத்தில் 5,000க்கு மேல் கொட்டுகிறது. மலை செங்குத்து, ஓடைகளின் நீளம் குறைவு, அதனால் மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் உன் காலடிக்கு வந்துவிடும். அதே வேகத்தில் வடியவும் செய்யும். அதனால்தான் சொல்கிறேன், காத்திருந்தால் பலன் உண்டு.

நடக்க ஆரம்பித்ததுமே ரஃப் கிரீக் என்று ஒரு ஓடை வருகிறது. தண்ணீர் குறைவாக இருந்தால் இறங்கிக் கடக்கலாம், ஏறியிருந்தால் அரை மணி நேரம் மேலே நடந்தால் வெள்ளக்காலப் பாலம் இருக்கிறது. சுற்றிப்போக மொத்தம் ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். அதைத் தாண்டியும் பாலம் இல்லாத சின்னச் சின்ன ஓடைகள் இருக்கின்றன. தண்ணீர் கலங்கியிருந்தால், மரக்கிளை மிதந்து வந்தால், அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் இறங்காதே. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தோமே, குடிலுக்குக் கட்டின பணம் போகுமே என்றெல்லாம் யோசிக்காதே. பணத்தை நான் அனுப்புகிறேன்.

பீக்கன் கருவியைக் கட்டாயம் வாடகைக்கு எடு. ஆழ்கடலுக்குப் போகிற படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய கருவி மாதிரிதான் அதுவும், பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பவர்களுக்குத் தகவல் போகும். பையின் அடியில் திணிக்காதே, உடம்போடு வைத்துக்கொள். குடிலில் இருக்கும் நோட்டில் உன் பெயரையும் அடுத்து எங்கே போகிறாய் என்பதையும் எழுது.

குடில் பக்கத்தில் வெந்நீர் ஊற்றுக் குளங்கள் இருக்கின்றனவாம். ஏழு மணி நேரம் நடந்த காலுக்கு அது எவ்வளவு சுகமாக இருக்கும்! ஆசை தீர உட்காரு, ஆனால் தலையை முக்காதே. அந்த மாதிரித் தண்ணீரில் மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம் என்று எச்சரிக்கிறார்கள். கேரளத்தில் பிள்ளைகள் செத்த செய்தியை நீயும் படித்திருப்பாய்.

மேலே போன் எடுக்காது என்றாய். கிளம்பும்போதும், ரோட்டுக்குத் திரும்பி சிக்னல் கிடைத்ததும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. உனக்கு சாயங்காலம் ஆறு என்றால் எங்களுக்குக் காலை பத்தரை. அன்றைக்கு நான் வலைக்குப் போகமாட்டேன், வீட்டில்தான் இருப்பேன். அம்மாவிடம் தழும்பு விஷயத்தை நேற்றுதான் சொன்னேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது பேச்சு இல்லை.

அப்பா