ஏட்டையாவுக்கு, ஆறு வருடம் தாமதமாக

ஏட்டையா,

போன மாதம் உங்கள் பணி நிறைவு விழாவுக்கு நான் வரவில்லை. பாரா மாற்ற ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆள் இருந்தது.

நம் காவலில் வந்த அந்தக் கைதிப் பையன் எப்படி ஓடினான், நாலாம் நாள் எங்கே பிடிபட்டான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நம் ஆயுதப்படை ஆட்களும் இதைப் படிப்பார்கள். அதனால் அவன் பெயரையும், விசாரித்த அதிகாரி யார் என்பதையும் எழுதவில்லை.

எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கடைதான் திரும்பத் திரும்ப வருகிறது. தர்மபுரி கோர்ட்டில் வாய்தா முடிந்து சேலம் மத்திய சிறைக்குப் பஸ் ஏற வேண்டும். மணி மூன்று. பையனுக்கு இருபது வயது இருக்கும். ஒரு வளையம் அவன் வலது கையில், இன்னொன்று என் இடது கையில். அந்தப் பழைய விலங்கு கொஞ்சம் அசைந்தாலே ஒரு பல் ஏறி இறுகும். காலையிலேயே உங்கள் கைக்குட்டையை மடித்து, அவன் மணிக்கட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் சொருகியிருந்தீர்கள். இடது கையால் சோறு பிசையப் பார்த்தான். நீங்கள் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினீர்கள். "திங்கற கைக்கு வெலங்கு வேண்டாம்டா, கழட்டு." கழட்டினேன். கைக்குட்டை வேர்வையில் ஊறியிருந்தது. பையன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டான்.

அவன் கை கழுவப் போனபோது பின்வாசலில் நிற்க வேண்டியவன் நான். வீட்டிலிருந்து போன் வந்தது. தெருப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன்.

விலங்கைக் கழட்டச் சொன்னது யார் என்று விசாரணையில் கேட்டார்கள். ஏட்டையா என்றேன். அது உண்மைதானே. நான் எங்கே நின்றேன் என்று உங்களைக் கேட்டபோது, "ரெண்டு பேரும் பக்கத்துலதான் நின்னோம்" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது என் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். வேலை போய்விடும் என்று பயந்தேன். எனக்குக் கண்டிப்போடு போனது. உங்களுக்கு ஊதிய உயர்வு நின்றது.

அந்தப் பொய்யை நான் கேட்டேனா, ஏட்டையா? ஆறு வருடமாக உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் பண்ணிவிட்டீர்கள். அன்றைக்கே திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சட்டத்தையும் பிறகுதான் தேடிப் படித்தேன். 1980-லேயே பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், வழக்கம் என்பதற்காக விலங்கு மாட்டுவது மனிதத்தன்மையற்றது என்று சொல்லிவிட்டார். காரணம் எழுத வேண்டும், கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். நாம் வாங்கவில்லை. மாட்டியதும் தப்பு, கழட்டியதும் தப்பு. இரண்டு பேரை நம்பி ஒரு கைதியைக் கூட்ட பஸ்ஸில் தொப்பூர் கணவாய் தாண்டி அனுப்பினால், தப்பு செய்யாமல் எப்படி வேலை பார்ப்பது? 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில், யாருக்கு விலங்கு போடலாம் என்ற பட்டியலே இருக்கிறது. அதில் காவலிலிருந்து தப்பியவனும் வருகிறான். அந்தப் பையன் அதில் சேர்ந்தது என் போன் பேச்சால். இதையும் உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

நான் நின்ற இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். யாரிடம் கொடுக்கப் போகிறேன் என்பதை இங்கே சொல்ல முடியாது. தடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் பஸ்ஸில் வருகிறேன். வீட்டில் அம்மாவிடம் நீங்கள் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நானே சொல்கிறேன்.